ஹெட் கோச்சுக்கு வேலை போனால் கூட இருக்கும் இருபது பேர் என்ன ஆவார்கள்? அமெரிக்கன் ஃபுட்பால் உதவிப் பயிற்சியாளர்களின் கதை

2023 டிசம்பர் 18, திங்கள் இரவு. நமக்கு அது செவ்வாய் காலை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் சீஹாக்ஸ் அணியும் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியும் மோதிக்கொண்டிருந்தன. ஆட்டம் முடிய 28 விநாடிகள் இருந்தபோது, சியாட்டிலின் ட்ரூ லாக் தூக்கி வீசிய பந்தை ஜாக்சன் ஸ்மித்-என்ஜிக்பா என்ற அறிமுக ஆண்டு வீரர் எல்லைக்கோட்டுக்கு உள்ளே பிடித்தார். 20-17. சியாட்டிலுக்கு வெற்றி.

அந்த ஆட்டத்தில் இரண்டு பக்கமும் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஓர் உதவிப் பயிற்சியாளர் இருந்தார். பந்தைப் பிடித்த இளைஞருக்குப் பயிற்சி கொடுத்தவர் சஞ்சய் லால். அதைத் தடுக்க வேண்டிய ஈகிள்ஸ் தடுப்புப் பிரிவின் பொறுப்பாளர் ஷான் தேசாய். பொறுப்பாளர் என்பது பெயருக்குத்தான். எந்த நேரத்தில் எந்தத் தடுப்பு உத்தி என்று முடிவெடுக்கும் அதிகாரத்தை, அந்த ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் அவரிடமிருந்து எடுத்து மேட் பட்ரீஷியா என்பவரிடம் கொடுத்திருந்தார்கள்.

அடுத்த சில வாரங்களில் இரண்டு பேருக்குமே அந்த வேலை இல்லை. தோற்ற அணியில் இருந்தவருக்கு வேலை போனது புரிகிறது. ஜெயித்த அணியில் இருந்தவருக்கு ஏன் போனது?

முதல்ல ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம்

புனேயில் நான் குடியிருக்கும் கோந்த்வா பக்கம் ‘ஃபுட்பால்’ என்றால் டர்ஃப் மைதானத்தில் மணிக்கணக்கில் வாடகை கட்டி ஆடும் கால்பந்துதான். இது வேற. நூறு கெஜ மைதானம், பக்கத்துக்கு 11 பேர். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்புகள். இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. கபடி பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் அடிப்படை சீக்கிரம் பிடிபடும்: ஒவ்வொரு முறையும் ஆட்டம் நிற்கும், இரண்டு தரப்பும் யோசிக்கும், மறுபடி மோதும்.

ஆட்டம் இப்படி நின்று நின்று நடப்பதால்தான் இதில் பயிற்சியாளர்களின் கை இவ்வளவு ஓங்கியிருக்கிறது. ஒவ்வொரு நகர்வுக்கும் முன்கூட்டியே எழுதி வைத்த திட்டம் உண்டு. நகர்வுகளுக்கு இடையில் 40 விநாடிக் கடிகாரம் ஓடும். தாக்கும் அணியில் ஒருவர், தடுக்கும் அணியில் ஒருவர் என இரண்டு பேரின் ஹெல்மெட்டில் மட்டும் ரேடியோ இருக்கும். கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அந்த ரேடியோ தானாக நின்றுவிடும். கோச் சொல்ல நினைப்பதை அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும்.

தேசிய லீகான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள். ஒவ்வொன்றிலும் 53 வீரர்கள், ஒரு தலைமைப் பயிற்சியாளர், அவருக்குக் கீழே இருபதுக்கும் மேற்பட்ட உதவிப் பயிற்சியாளர்கள். நம்ம ஊர் கிரிக்கெட் அணியில் பேட்டிங், பௌலிங், ஃபீல்டிங் என்று மூன்று நான்கு பேரோடு முடிந்துவிடும் பட்டியல் இங்கே ஒரு சின்ன அலுவலகம் அளவுக்கு நீளும்.

அந்த அலுவலகத்தின் உச்சியில் மூன்று கோ-ஆர்டினேட்டர்கள்: தாக்குதலுக்கு ஒருவர், தடுப்புக்கு ஒருவர், உதைகள் தொடர்பான ஸ்பெஷல் டீம்ஸுக்கு ஒருவர். அவர்களுக்குக் கீழே பொசிஷன் கோச்கள். பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குக்கு ஒரு கோச், ஓடிப் போய்ப் பிடிக்கும் ரிசீவர்களுக்கு ஒருவர், பந்தோடு ஓடுபவர்களுக்கு ஒருவர், முன்வரிசையில் மோதும் ஆஜானுபாகுகளுக்கு ஒருவர், இப்படி. கடைசிப் படியில் குவாலிட்டி கண்ட்ரோல் கோச். பெயரைப் பார்த்துத் தொழிற்சாலை வேலை என்று நினைத்துவிட வேண்டாம். எதிரணியின் பழைய ஆட்ட வீடியோக்களை நகர்வு நகர்வாக வெட்டி, வகை பிரித்து, மேலே உள்ளவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதுதான் அவருடைய வேலை. சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தப் படியை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ராத்திரி முழுக்க ஃப்ரெஷர் தயார் செய்த ஸ்லைடை காலையில் மேனேஜர் பேசுவார் இல்லையா, அதே கதை.

லாலின் 17 ஆண்டுகளில் ஏழு அணிகள்

சஞ்சய் லால் கல்லூரிக் காலத்தில் ரிசீவராக ஆடியவர். கலிஃபோர்னியாவில் கல்லூரி அணிகளில் பயிற்சி கொடுத்துவிட்டு, 2007ல் ஓக்லாண்ட் ரெய்டர்ஸ் அணியில் குவாலிட்டி கண்ட்ரோல் படியில் என்.எஃப்.எல்.லுக்குள் நுழைந்தார். 2009ல் ரிசீவர்களின் கோச் ஆனார். அதன் பிறகு அவர் வேலை மாறிய ஒவ்வோர் ஆண்டையும் எடுத்து, அந்த நேரத்தில் அணியில் வேறென்ன நடந்தது என்று பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தது.

2011 பருவம் 8 வெற்றி, 8 தோல்வி என முடிந்ததும் ரெய்டர்ஸ் தலைமைப் பயிற்சியாளர் ஹியூ ஜாக்சன் நீக்கப்பட்டார். லால் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார். 2014 முடிவில் ஜெட்ஸ் தன் தலைமைப் பயிற்சியாளர் ரெக்ஸ் ரயனை நீக்கியது. ரயன் பஃபலோ பில்ஸுக்குப் போக, லாலும் அங்கே போனார். 2016 பருவத்தில் ஓர் ஆட்டம் மிச்சமிருக்கும்போதே பில்ஸும் ரயனை அனுப்பிவிட்டது. லால் 2017ல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்குப் போனார். அந்த ஆண்டு அணியின் நட்சத்திர வீரர் ஆண்ட்ரூ லக் தோள் காயத்தால் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 4 வெற்றி, 12 தோல்வி. தலைமைப் பயிற்சியாளர் சக் பகானோவுக்கு வேலை போனது. லால் டாலஸ் கவ்பாய்ஸுக்குப் போனார்.

டாலஸில்தான் கதை சுவாரஸ்யமாகிறது. 2019ல் அந்த அணி என்.எஃப்.எல்.லிலேயே அதிக கெஜங்கள் முன்னேறிய அணி. லாலிடம் இருந்த ரிசீவர்களில் அமாரி கூப்பர் 1,189 கெஜம், மைக்கேல் கேலப் 1,107 கெஜம் எடுத்தார்கள். ஓர் ஆண்டில் ஆயிரம் கெஜம் என்பது ரிசீவருக்கு, கிரிக்கெட்டில் ஒரு சீசனில் ஆயிரம் ரன் எடுப்பதைப் போல. ஒரே அணியில் இரண்டு பேர் அதைத் தொட்டிருக்கிறார்கள். ஆனால் அணியின் கணக்கு 8-8. தலைமைப் பயிற்சியாளர் ஜேசன் காரெட்டின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. புதியவர் வந்தார், தன் ஆட்களோடு வந்தார். லால் சியாட்டிலுக்கு.

2020ல் சியாட்டிலில் ஓராண்டு. அங்கே தலைமைப் பயிற்சியாளர் பீட் கரோல் அசையவில்லை. தாக்குதல் கோ-ஆர்டினேட்டர்தான் மாற்றப்பட்டார். 2021ல் லால் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸில் இருந்தார். அங்கே தலைமைப் பயிற்சியாளர் அர்பன் மையர் 13 ஆட்டங்களில் வெளியேற்றப்பட்டார். 2022ல் லால் மறுபடி சியாட்டில். அந்த ஆண்டு டி.கே. மெட்கஃப், டைலர் லாக்கெட் இருவருமே ஆயிரம் கெஜம் தாண்டினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் முதலில் சொன்ன அந்த 28ஆவது விநாடி கேட்ச். 2024 ஜனவரியில், 14 ஆண்டுகளாக இருந்த பீட் கரோலைத் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து அணி விலக்கியது. புதிதாக வந்தவர் ரிசீவர்களுக்கு வேறு கோச்சை அழைத்துக்கொண்டார்.

கூட்டிப் பார்த்தால் 17 பருவங்கள், ஏழு அணிகள் (சியாட்டிலில் இரண்டு முறை), முழுநேரத் தலைமைப் பயிற்சியாளர்கள் எட்டுப் பேர். 2012லிருந்து நடந்த இடமாற்றங்களில் சியாட்டிலை விட்டு முதல்முறை போனதைத் தவிர மற்ற எல்லாமே தலைமை நாற்காலியில் இருந்தவர் போனதை ஒட்டி நடந்தவை. அவரிடம் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை கெஜம் எடுத்தார்கள் என்பதற்கும் அவர் வேலையில் நீடித்ததற்கும் நேரடித் தொடர்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் திரும்பத் திரும்ப அடுத்த வேலை கிடைத்தது பாருங்கள், அங்கேதான் அந்தக் கெஜங்கள் உதவியிருக்கின்றன. செய்த வேலை அடுத்த வேலையை வாங்கித் தருகிறது, இருக்கிற வேலையைக் காப்பாற்றுவதில்லை.

இது லாலுக்கு மட்டும் நடந்த துரதிர்ஷ்டம் இல்லை. வழக்கமான பருவம் முடிந்த மறுநாளை அமெரிக்காவில் ‘கறுப்புத் திங்கள்’ என்றே சொல்கிறார்கள். ஆண்டுதோறும் ஐந்து முதல் எட்டு தலைமைப் பயிற்சியாளர்கள் வரை மாறுவது சகஜம். ஒருவருக்குக் கீழே இருபது பேர் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு வாரத்தில் நூறு குடும்பங்களுக்கு மேல் அடுத்த ஊர் எது, பிள்ளைகளுக்கு ஸ்கூல் எது என்று யோசிக்கத் தொடங்கும். ஐந்து முதல் எட்டு நாற்காலிகளுக்காக இவ்வளவு சூட்கேஸ்கள்.

தேசாய் மட்டும் ஒன்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்தது எப்படி?

ஷான் தேசாயின் பாதை வேறு மாதிரி. கல்வித் துறையில் டாக்டர் பட்டம் பெற்றவர். டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்துவிட்டு 2013ல் சிகாகோ பேர்ஸ் அணியில் குவாலிட்டி கண்ட்ரோல் படியில் சேர்ந்தார். அப்போது தலைமைப் பயிற்சியாளர் மார்க் ட்ரெஸ்ட்மன். 2014 முடிவில் அவர் போனார், தேசாய் இருந்தார். அடுத்து ஜான் ஃபாக்ஸ் வந்தார், 2017 முடிவில் அவரும் போனார், தேசாய் இருந்தார். மேட் நேகி வந்தார், தேசாய் பதவி உயர்ந்தார். 2021ல் தடுப்புப் பிரிவின் கோ-ஆர்டினேட்டர். என்.எஃப்.எல்.லில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்திய வம்சாவளியினர் அவர்தான்.

இரண்டு தலைமைகள் கவிழ்ந்தும் அவர் நீடித்ததற்கு ஒரு காரணம் அவர் இருந்த படி. கீழே இருப்பவரின் சம்பளம் குறைவு. அவரிடம்தான் பழைய வீடியோ, பழைய குறிப்பு, யாருக்கு எது வராது என்ற விவரம் எல்லாம் இருக்கும். புதிதாக வருபவருக்கு அவர் தேவைப்படுவார். இன்னொரு காரணம் விக் ஃபாஞ்சியோ. 2015லிருந்து 2018 வரை சிகாகோவின் தடுப்பை வழிநடத்தியவர், நாட்டிலேயே மதிக்கப்படும் மூளை. அவரிடம் பாடம் கற்றவர் என்ற பெயர் தேசாய்க்குக் கிடைத்தது. இந்தத் தொழிலில் யாரிடம் வேலை பார்த்தாய் என்ற கேள்வி, கர்நாடக சங்கீதத்தில் குரு யார் என்று கேட்பது மாதிரிதான்.

மேலே போனதும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. கோ-ஆர்டினேட்டராக ஒரே ஆண்டு. 2022 ஜனவரியில் நேகி நீக்கப்பட்டதும் தேசாயும் வெளியே. அந்த ஆண்டு சியாட்டிலில் சேர்ந்தார். அதாவது 2022ல் லாலும் தேசாயும் ஒரே அணியின் அறையில் வேலை பார்த்தார்கள். 2023ல் பிலடெல்ஃபியா அழைத்தது, மறுபடி கோ-ஆர்டினேட்டர். முதல் 11 ஆட்டங்களில் 10 வெற்றி. அதன் பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 42 புள்ளிகள், டாலஸிடம் 33 புள்ளிகள் விட்டுக்கொடுத்து அடுத்தடுத்து இரண்டு தோல்விகள். பத்து வெற்றியில் கிடைத்த நம்பிக்கை இரண்டு தோல்வியில் தீர்ந்துவிட்டது. அதிகாரம் கைமாறியும் சரிவு நிற்கவில்லை. அதற்குப் பிறகு ஆடிய ஆட்டங்களில் பெரும்பாலானவற்றிலும் அணி தோற்றது. பருவம் முடிந்ததும் தேசாயை அனுப்பிவிட்டு, அவர் இடத்துக்கு பிலடெல்ஃபியா யாரைக் கொண்டுவந்தது தெரியுமா? விக் ஃபாஞ்சியோவை. 2025 பிப்ரவரியில் அதே ஈகிள்ஸ், ஃபாஞ்சியோவின் தடுப்போடு, சூப்பர் பௌலில் கன்சாஸ் சிட்டியை 40-22 என வென்றது. தேசாய் அதற்குள் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸில் மூத்த உதவியாளராக இருந்தார்.

நமக்குத் தெரிந்த உதாரணம்: பரத் அருண்

இது ஏதோ அமெரிக்கப் பழக்கம் என்று தோன்றினால், 2016ஐ நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக்காக ஆடிய பரத் அருண், ரவி சாஸ்திரி இந்திய அணியின் இயக்குநராக இருந்த காலத்தில் பௌலிங் கோச். 2016ல் சாஸ்திரிக்குப் பதில் அனில் கும்ப்ளே வந்தார், அருண் இல்லை. கும்ப்ளே விலகிய பிறகு 2017 ஜூலையில் சாஸ்திரி திரும்பினார். முதலில் ஜாகீர் கானின் பெயர்தான் பௌலிங் ஆலோசகராக அறிவிக்கப்பட்டது. ஒரே வாரத்தில் அது மாறி அருண் மறுபடி வந்தார். அவரைத்தான் வேண்டும் என்று சாஸ்திரி உறுதியாக நின்றதே காரணம். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முன்னணி பௌலர்கள் எல்லாரும் காயத்தில் இருக்க, நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் அறிமுகமான அந்த டெஸ்ட்டை இந்தியா ஜெயித்தபோது பௌலிங் கோச் அவர்தான். அதே ஆண்டு டி20 உலகக் கோப்பையோடு சாஸ்திரியின் காலம் முடிந்தது. அருணின் காலமும் அதோடு முடிந்தது.

பிரிஸ்பேன் நடந்து பத்து மாதம்கூட ஆகவில்லை. யாரும் அதை அநியாயம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் விதி அப்படித்தான். அமெரிக்காவில் அதே விதி இருபது பேருக்குப் பொருந்துகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு வாரம் எப்படிப் போகும்?

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை என்றால், திங்கள் முழுக்க நேற்றைய வீடியோ. மைதானத்தின் 22 பேரும் ஒரே சட்டத்தில் தெரியும்படி உயரத்திலிருந்து எடுத்த காட்சியை வைத்து ஒவ்வொரு வீரருக்கும் ஒவ்வொரு நகர்வுக்கும் மதிப்பெண் போடுவார்கள். செவ்வாய் வீரர்களுக்கு விடுமுறை. கோச்களுக்கு அதுதான் மிக நீளமான நாள். அடுத்த எதிரணிக்கான திட்டம் எழுதப்படுவது அன்றைக்குத்தான். புதன்கிழமை பயிற்சியில் முதல், இரண்டாம் வாய்ப்புகளுக்கான நகர்வுகள், வியாழன் மூன்றாம் வாய்ப்பு, வெள்ளி எல்லைக்கோட்டை நெருங்கிய கடைசி இருபது கெஜம். சனி பயணம் அல்லது ஹோட்டல் மீட்டிங். மறுபடி ஞாயிறு. இப்படி 18 வாரங்களில் 17 ஆட்டங்கள்.

ரிசீவர் கோச் என்றால் என்ன சொல்லிக்கொடுப்பார்? பந்து பிடிக்கத்தான் எல்லாருக்கும் தெரியுமே! ஆனால் பந்து கைக்கு வருவதற்கு முந்தைய மூன்று விநாடிதான் அவருடைய பாடம். முகத்துக்கு முன் நின்று தள்ளும் தடுப்பாளரின் கையை எப்படித் தட்டிவிடுவது, எத்தனையாவது அடியில் திரும்புவது, திரும்பப் போவதை இடுப்போ தோளோ காட்டிக்கொடுக்காமல் ஓடுவது எப்படி, எதிரணி வட்டார முறையில் தடுத்தால் எங்கே நிற்பது, ஆளுக்கு ஆள் தடுத்தால் எங்கே ஓடுவது. ஒரு அடி முன்பின் ஆனால் பந்து எதிராளி கைக்குப் போகும். டிவியில் பார்க்கும் நமக்கு வீசியவர் தப்பு செய்த மாதிரி தெரியும். திங்கட்கிழமை வீடியோவில்தான் உண்மை தெரியும், அதுவும் அந்த அறைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்.

எந்தப் படியில் ஏறினால் மேலே போகலாம்?

பழைய கதையிலிருந்து ஆரம்பிப்போம். 1950களில் நியூயார்க் ஜயன்ட்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் லீ ஹோவெல். அவருக்குத் தாக்குதலைப் பார்த்துக்கொண்டவர் வின்ஸ் லொம்பார்டி, தடுப்பைப் பார்த்துக்கொண்டவர் டாம் லாண்ட்ரி. 1956ல் அந்த அணி சாம்பியன். இன்றைக்கு ஹோவெலை யாருக்கு ஞாபகம் இருக்கிறது? சூப்பர் பௌல் கோப்பைக்கே லொம்பார்டியின் பெயர். அவருக்கு முதல் தலைமைப் பதவி கிடைத்தபோது வயது 45.

பில் வால்ஷுக்கு இன்னும் தாமதம். சின்சினாட்டி பெங்கால்ஸில் பால் பிரவுனிடம் எட்டுப் பருவங்கள் உதவியாளர். 1975 பருவத்தோடு பிரவுன் ஓய்வு பெற்றபோது நாற்காலி தனக்குத்தான் என்று நம்பியிருந்தார். கிடைத்தது இன்னொரு உதவியாளருக்கு. மற்ற அணிகளிடமும் தன்னைப் பற்றி பிரவுன் நல்லவிதமாகச் சொல்லவில்லை என்று வால்ஷ் பின்னாளில் சொன்னார். 1979ல், 47 வயதில், சான் ஃபிரான்சிஸ்கோ அவரை எடுத்தது. முதல் ஆண்டு 2 வெற்றி, 14 தோல்வி. அதன்பின் மூன்று சூப்பர் பௌல்கள். அதில் இரண்டில் தோற்ற அணி சின்சினாட்டி.

இன்றைய நிலவரத்தில் மேலே போகும் லிஃப்ட் எங்கே நிற்கிறது என்பது ஓரளவு தெளிவு. குவார்ட்டர்பேக் கோச்களும் தாக்குதல் நகர்வுகளைத் தீர்மானிப்பவர்களும் வேகமாக ஏறுகிறார்கள். 2017ல் ராம்ஸ் அணி ஷான் மெக்வேயைத் தலைமைப் பயிற்சியாளராக்கியபோது அவருக்கு வயது 30. இரண்டே ஆண்டில் அவரிடம் குவார்ட்டர்பேக் கோச்சாக இருந்த ஸாக் டெய்லர் சின்சினாட்டிக்குத் தலைமை ஏற்றார். ஆனால் ரிசீவர் கோச், ரன்னிங் பேக் கோச் என்ற படிகளில் இருப்பவர்களுக்கு அந்த லிஃப்ட் பெரும்பாலும் நிற்பதில்லை. கறுப்பினப் பயிற்சியாளர்கள் அதிகம் இருப்பது அந்தப் படிகளில்தான். வாய்ப்பு நேரடியாக மறுக்கப்பட வேண்டியதில்லை. பத்து வருடம் முன்பு எந்தப் படியில் அமர்த்தினார்கள் என்பதே போதும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் உறுத்துவது இதுதான்.

லீக் சும்மா இருக்கவில்லை. தலைமைப் பதவிக்குக் குறைந்தது ஒரு சிறுபான்மை வேட்பாளரையாவது நேர்காணல் செய்ய வேண்டும் என்ற ‘ரூனி விதி’ 2003ல் வந்தது. 2020ல் அதை இரண்டு வெளி வேட்பாளர்களாக உயர்த்தி, கோ-ஆர்டினேட்டர் பதவிகளுக்கும் நீட்டித்தார்கள். அதே ஆண்டு இன்னொரு மாற்றமும் வந்தது, அவ்வளவாகப் பேசப்படாதது: ஓர் உதவியாளருக்கு வேறு அணியில் கோ-ஆர்டினேட்டர் வாய்ப்பு வந்தால் இப்போதைய அணி அதைத் தடுக்கக் கூடாது. அதற்கு முன்பு வரை ஒப்பந்தத்தைக் காட்டித் தடுக்க முடியும். நம்ம ஊரில் ரிலீவிங் லெட்டருக்காக நோட்டீஸ் பீரியடில் அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

விதி வந்தாலும் கேள்விகள் தீரவில்லை. 2022 பிப்ரவரியில், மயாமி அணியால் நீக்கப்பட்டிருந்த பிரையன் ஃப்ளோரெஸ், நேர்காணல்கள் கண்துடைப்பாக நடக்கின்றன என்று லீக்கின் மீதே வழக்குப் போட்டார். தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் அதே மாதம் பிட்ஸ்பர்க்கில் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். கன்சாஸ் சிட்டியில் தாக்குதல் கோ-ஆர்டினேட்டராக இரண்டு சூப்பர் பௌல் வென்ற எரிக் பியனெமி எத்தனையோ நேர்காணல்களுக்குப் போனார், தலைமைப் பதவி கிடைக்கவில்லை.

பெண்களுக்கு இந்தக் கதவு மிகச் சமீபத்தில்தான் திறந்தது. 2015ல் ஜென் வெல்டர் அரிசோனாவின் பயிற்சி முகாமில் உதவியாளர். 2016ல் கேத்ரின் ஸ்மித் பஃபலோவில் முழுநேர குவாலிட்டி கண்ட்ரோல் கோச். 2021 பிப்ரவரியில் டாம்பா பே சூப்பர் பௌல் வென்றபோது அந்தப் பயிற்சிக் குழுவில் லோரி லோகஸ்ட், மரல் ஜவாதிஃபர் என இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

சம்பளம்?

என்.எஃப்.எல். அணிகள் உதவியாளர்களின் சம்பளத்தை வெளியிடுவதில்லை. அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்டாக வேண்டும் என்பதால் கல்லூரி அளவில் தெரியும். 2018ல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் தடுப்பு கோ-ஆர்டினேட்டர் டேவ் அராண்டாவுக்கு ஆண்டுக்கு 25 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அப்போது அது உச்சம். அதே வளாகத்தில் படித்துக்கொண்டே வேலை பார்க்கும் கிராஜுவேட் அசிஸ்டன்ட்டுக்குக் கிடைப்பது கல்விக் கட்டணமும் சிறிய உதவித்தொகையும். இந்த இரண்டு எல்லைக்கும் இடையில்தான் பெரும்பாலானவர்கள். ஒப்பந்தங்கள் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு; நடுவில் நீக்கினால் மீதிக் காலத்துக்குச் சம்பளம் வரும், புதிய வேலை கிடைத்தால் அந்த அளவுக்குக் கழித்துக்கொள்வார்கள். அந்த ஒரு பாதுகாப்பு இல்லாவிட்டால் இத்தனை பேர் இத்தனை ஊர் மாற மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

புனேயில் ஒரு சாம்பியன் அணி இருந்தது

இதைப் படிக்கும் புனேக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை: இந்தியாவின் முதல் தொழில்முறை அமெரிக்கன் ஃபுட்பால் லீகின் முதல் சாம்பியன், புனே மராத்தாஸ். 2011ல் எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா அறிவிக்கப்பட்டது. சிகாகோவின் பழைய தலைமைப் பயிற்சியாளர் மைக் டிட்கா, குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர், இந்திய வம்சாவளி வீரர் பிராண்டன் சில்லார் போன்றவர்கள் அதன் பின்னால் இருந்தார்கள். 2012ல் எட்டு அணிகளோடு ஆட்டம் தொடங்கியது. கொழும்பின் சுகததாச அரங்கில் ஆட்டங்கள் நடந்தன, டிவிக்காகப் பதிவு செய்யப்பட்டன. இறுதியில் புனே டெல்லியை வென்றது.

வீரர்களைப் பொறுத்தவரை ஆள் பஞ்சமில்லை. ரக்பி, தடகளம், கபடி என்று பல பக்கமிருந்தும் வந்தார்கள். பஞ்சம் இருந்தது கோச்களுக்கு. அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் பயிற்சி கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் விமானம் ஏறிய பிறகு இருபது பேர் கொண்ட அந்த அலுவலகத்தை யார் நடத்துவது? அமெரிக்காவில் பத்து லட்சத்தையொட்டிய பள்ளி மாணவர்கள் இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பள்ளி ஆசிரியர்களிலிருந்துதான் ஏணி தொடங்குகிறது. இங்கே அந்த முதல் படியே கிடையாது. பட்டியாலா என்.ஐ.எஸ்.ஸில் பயிற்சியாளர் டிப்ளமோ படிக்கலாம், ஆனால் அந்தப் பட்டியலில் இந்த ஆட்டம் இல்லை. லீக் அறிவித்த வேகத்தில் தொடராமல் போனதற்குப் பணம், ஒளிபரப்பு என்று பல காரணங்கள் சொல்லலாம். ஏணி இல்லாததை நான் முதலில் வைப்பேன்.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஃப்ளாக் ஃபுட்பால் இருக்கிறது. மோதல் இல்லாத வடிவம். பக்கத்துக்கு ஐந்து பேர், இடுப்பில் தொங்கும் கொடியைப் பிடுங்கினால் ஆள் அவுட். ஹெல்மெட், தோள் கவசம் எதுவும் வேண்டாம், பெரிய மைதானமும் வேண்டாம். 11 பேர் ஆட்டத்துக்கு இருபது கோச் என்றால் இதற்கு இரண்டு மூன்று பேர் போதும். கோந்த்வாவிலோ வேளச்சேரியிலோ ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் தொடங்கக்கூடிய அளவு இதுதான்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. என்.எஃப்.எல். வீரர்களின் தோள் கவசத்தில் இருக்கும் சிப், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை விநாடிக்கு பத்து முறை பதிவு செய்கிறது. அந்தத் தரவின் ஒரு பகுதியை லீக் ஒவ்வோர் ஆண்டும் ‘பிக் டேட்டா பௌல்’ என்ற போட்டிக்காகப் பொதுவில் கொடுக்கிறது. கேகல் தளத்தில் யார் வேண்டுமானாலும் பதிவிறக்கி, ஒரு கேள்விக்கு விடை கண்டு அனுப்பலாம். பயிற்சியாளர்களுக்குப் பயன்படும் ஆய்வுகளுக்கென்று சில ஆண்டுகளில் தனிப் பிரிவும் இருந்தது. போட்டியில் கலந்துகொண்ட பலரை அணிகள் வேலைக்கு எடுத்திருக்கின்றன. ஒரு ரிசீவர் எத்தனையாவது அடியில் திரும்பினார், அப்போது தடுப்பாளர் எவ்வளவு தூரத்தில் இருந்தார் என்பதை இப்போது பைத்தானில் பத்து வரி எழுதிக் கண்டுபிடிக்கலாம். லால் மாதிரி ஆட்கள் திங்கட்கிழமை வீடியோவில் கண்ணால் தேடுவதும் அதைத்தான்.